முகத்தை மறைத்த ட்யூபா

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு மாப்பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். இதில் என்ன தகராறு இருக்க முடியும் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தது.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பேண்டில் ட்யூபா ஊதுவார். மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஊதும் பித்தளை வாத்தியம் அது. அதன் வாய் மேலே பார்த்து அகலமாக விரிந்திருக்கும். முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மாமாவுக்கு இரண்டு இடம் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தன. அம்மாவுக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் பங்குச் சாமியாருக்கு ஒரு ஆசை வந்தது. கோயில் பேண்டு ஆட்கள், ரயில்வேக்காரர்கள், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த வயலின் வித்வான்கள் எல்லோரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய சிம்பொனியைக் கல்லூரி மண்டபத்தில் வாசிக்கப்போவதாகப் பூசையில் அறிவித்தார். எனக்கு ஒன்பது வயது. சிம்பொனி என்றால் என்னவென்று சத்தியமாகத் தெரியாது. இருந்தாலும் வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அதே சமயம் காட்டூரிலிருந்து மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு நாசூக்கு உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் இரண்டு பக்கமும் சங்கடம். அதனால் திருவிழா, பவனி என்று ஏதாவது ஒரு சாக்கில் வந்து, தூர இருந்து பையனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடித்திருந்தால் சொல்லியனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. இந்த முறை சாக்கு, சிம்பொனி. பெண்ணும் வருகிறாள் என்று தகவல் வந்தது.

வந்தது வினை. கோயில் சாமான் அறையில் இரண்டு ட்யூபாக்கள் இருந்தன. சின்னது, பவனியில் தூக்கிக்கொண்டு நடக்கத் தோதானது. பெரியதை மடியில் வைத்தாலோ மாமா அதற்குப் பின்னால் காணாமல் போய்விடுவார்.

"சின்னதையே எடுத்துக்க தம்பி. மூஞ்சி தெரியணும்ல," என்றாள் அம்மா.

மாமா சாமியாரிடம் போய் நின்றார். சாமியார் சிரித்துவிட்டு, இரண்டிலும் ஊதிப் பார்த்து நீயே முடிவு பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஒத்திகைக்கு நானும் அடம்பிடித்துப் போனேன். சிம்பொனியில் ஒரே இடத்தை முதலில் சின்னதில் ஊதினார் மாமா. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு பெரியதில் ஊதினார். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது.  எழுந்து குதிக்கலாம் போலிருந்தது எனக்கு. முன்னால் இருந்த ஸ்ரீரங்கத்து வித்வான் ஒருவர் வில்லை மடியில் இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"பேஷ். சின்னது தனியா ஒரு பக்கம் பாடிண்டிருந்தது. இது எங்க அத்தனை பேரையும் தாங்கறது. இதையே வெச்சுக்கோங்கோ."

மாமா வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "சின்னதுல ஊதினா பருப்பு போட மறந்த சாம்பார் மாதிரி இருக்குக்கா."

"சாம்பாரு கிடக்கட்டும். உனக்குச் சாம்பார் வைக்க ஒருத்தி வர வேணாமா?"

மாமாவுக்கு மட்டும் கல்யாண ஆசை இல்லையா என்ன? அந்தக் கச்சேரிக்கென்றே புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பெரியதை எடுத்துப் பளபளவென்று துடைக்க ஆரம்பித்தார். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். கச்சேரியன்று மாலை மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ அவங்க பக்கத்துல போய் உக்காந்துக்க. அவங்க என்ன செய்றாங்கன்னு பாத்து, அப்படியே வந்து சொல்லணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபத்தில் முண்டியடித்துக்கொண்டு போய் காட்டூரிலிருந்து வந்த அந்த அக்காவின் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். அக்கா எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்கள். சிம்பொனி ஆரம்பித்தது. அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், பாதி எழுந்தும் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் தடவி வாரிய கொஞ்சம் தலைமுடியும் ஒரு காதும்தான். இரண்டு வரிசை தள்ளியிருந்த அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நான் மேடையை விட்டுவிட்டு அந்த அக்காவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை நம்ப முடியவில்லை.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். மாமா ட்யூபாவைச் சாய்த்து ஊதி ஊதி உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன செஞ்சாங்க?"

பெப்பர்மிண்ட் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனாலும் மாமா முக்கியமில்லையா?

"அந்த அக்கா தூங்கிட்டாங்க மாமா."

மாமாவின் முகம் செத்துப்போனது. "முழுக்கவா?"

"இல்ல. நீங்க ஊதும்போது மட்டும். நீங்க ஆரம்பிச்சதும் கண்ணை மூடிக்கிட்டாங்க. நிறுத்தினதும் முழிச்சுக்கிட்டாங்க. திரும்ப ஊதினீங்க, திரும்ப மூடிக்கிட்டாங்க."

மாமா ட்யூபாவைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, அந்தப் பித்தளையைத் தட்டிக்கொடுத்துச் சிரி சிரியென்று சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கச்சேரி என்று வந்துவிட்டு, அதிலும் மாமாவின் முறை வரும்போது பார்த்துத் தூங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா?

அன்று படுக்கப்போகும் முன் முழங்காலில் நின்று மாதாவிடம் மனமுருகி வேண்டிக்கொண்டேன். காட்டூர் வேண்டாம், என் மாமாவுக்குத் தூங்காத பெண்ணாக ஒருத்தியைக் காட்டு தாயே என்று.