ஒன்றரை நிமிஷம் என் மூஞ்சி

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு போனை எப்படிப் பிடிப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "பெரியவரே, கேமராவ திருப்புங்க, உங்க மூக்குதான் தெரியுது" என்று கடையில் உட்கார்ந்து சிரிக்கிறவன். அப்பேர்ப்பட்ட நான், என் பெண்ணுக்கு வலிப்பு வந்தபோது டாக்டர் கேட்ட வீடியோவை முன்பக்கக் கேமராவில் எடுத்துவைத்தேன். ஒன்றரை நிமிஷம். முழுக்க என் மூஞ்சி.

பாப்பாவுக்கு இப்போது பதிமூன்று வயது. ஆறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்துவிடும். முதலில் இடது கை விறைக்கும், கண் ஒரு பக்கம் போய் நிற்கும், அப்புறம் விழுவாள். சைக்கிள் கிடையாது. மாடிக்குத் தனியாகப் போகக் கூடாது. மலைப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். பதிமூன்று வயசில் அப்பன் கையைப் பிடித்து நடப்பது எவ்வளவு மானக்கேடு என்பது அவள் நடையிலேயே தெரியும்.

சென்னையில் நாங்கள் பார்க்கும் டாக்டர், ஸ்கேன் படங்களைக் காட்டி விளக்கினார். மூளையின் வலது பக்கம் ஒரு சின்ன இடம், அங்கிருந்துதான் கிளம்புகிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். அடுத்த தடவை வலிப்பு வரும்போது ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுத்துவாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டுக்கு முன்னால் வந்தது. என் மனைவி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்த்தாள். நான் போனை எடுத்தேன். மிச்சத்தைத்தான் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேனே.

டாக்டர் அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. பாப்பா வெளியே நர்ஸிடம் எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னங்க, சாவி சத்தம்?"

"இரும்பு குடுத்தா நின்னுடும்னு எங்க பக்கம் சொல்வாங்க சார்."

"கையில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே. குடுத்தீங்களா?"

"இல்ல சார். நானே புடிச்சிகினு இருந்தேன்."

"உங்களுக்கு நின்னுச்சா?"

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் நின்றுவிடும், முழுசாக நிற்காமலும் போகலாம். இடது கையில் வலு குறையலாம். சின்ன வாய்ப்புதான், ஆனால் உண்டு. யோசித்து, சம்மதம் என்றால் போன் செய்யுங்கள், தேதி தருகிறோம். "வீடியோவ இங்க ஆஸ்பத்திரியில வச்சி நாங்களே எடுத்துக்கறோம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் மனைவி அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டாள். நான் "பாத்துட்டு சொல்றோம் சார்" என்றேன். என் கடையில் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தை. அப்படிச் சொல்லிப் போனவன் எவனும் திரும்பி வந்ததில்லை.

ஆடிக் கிருத்திகை முடியட்டும் என்றேன். முடிந்தது. காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. பிறகு வேண்டுதலைப் பிடித்துக்கொண்டேன். வலிப்பு நின்றால் பாப்பாவுக்கு மலையில் மொட்டை போடுவதாக முருகனிடம் சொல்லியிருந்தேன். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களே மொட்டை அடித்துவிடுவார்கள். சாமிக்கென்று சொன்ன முடியில் இன்னொருத்தன் கை வைக்கலாமா? அடுத்த செக்கப் முடிந்து ரயிலில் திரும்பும்போது, பாப்பா தூங்கிவிட்டாள் என்று பார்த்து, மணவூர் தாண்டியதும் இதை மனைவியிடம் எடுத்துவிட்டேன். ரொம்ப நாள் யோசித்துவைத்த பாயிண்டு.

"மொட்டையெல்லாம் அடிக்க மாட்டாங்க" என்றாள். "வெட்டற எடத்துல மட்டும் ஒரு பட்டை எடுப்பாங்களாம். நர்ஸம்மாவ கேட்டுட்டேன். மிச்சத்த முருகன் எடுத்துக்கட்டும். வேற என்ன வச்சிருக்கீங்க?"

வேறு எதுவும் வைத்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்கூல் விட்டதும் பாப்பா என் கடைக்குத்தான் வருவாள். போன வாரம் அப்படித்தான், ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டே என் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு டிஸ்ப்ளேவுக்குப் பசை போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கடைக்குள் சாவி சத்தம். கூடவே என் குரல், மூக்கடைத்த அழுகுரல்: "முருகா, முருகா, போதும்பா, போதும்..."

விரலை எடுத்தால் டிஸ்ப்ளே நகர்ந்துவிடும். எழுந்து பிடுங்க முடியவில்லை. "குடு பாப்பா அத" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கெஞ்சினேன். அவள் முழுசாகப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு தடவை பார்த்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் கண் விழித்ததும் நான் ஒரு ஜோக் அடிப்பேன். 'ரெண்டு செகண்டுதான், அதுக்குள்ள ஒன் இட்லியையும் தின்னுட்டேன்' என்பது போல. அவள் நம்புகிறாள் என்று ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"நைனா, எனக்கு வர்றப்பல்லாம் நீ இப்டிதான் இருப்பியா?"

"ஆங்... அது, கேமரா கோணம் சரியில்ல."

"இட்லி தின்னுகினு இருந்தேன்னு சொன்ன?"

டிஸ்ப்ளேவை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணு. தேதி கேளு."

"இடது கை கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அம்மா சொல்லிச்சு."

"முழுசா நிக்காமகூட..."

"அதுவும் சொல்லிச்சு."

ஆக, அவள் பயந்துவிடக் கூடாதே என்று நான் மூடி மூடி வைத்ததெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். வீட்டில் எல்லாரும் காத்திருந்தது என் ஒருத்தனுக்காக.

டிஸ்ப்ளேவுக்கு ரப்பர் பேண்டு மாட்டி ஓரமாக வைத்தேன். போன் செய்து, சம்மதம் என்றேன். எதிர்முனைப் பெண் என்றைக்கு வந்து சேர வேண்டும் என்று சொன்னாள். ஒரு டெம்பர்டு கிளாஸ் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பாப்பா அட்டையை வாங்கி, அடித்துவிட்டு, ஒழுங்காக எழுதினாள்.

"ஒனக்கு பயமா இல்லியா பாப்பா?" என்று கேட்டேன்.

மிச்ச முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"ஒன் அளவுக்கு இல்ல."