தனியாகச் சொன்னது

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். குடி இல்லை, கை நீட்டியது இல்லை. ஓட்டை வாய், அவ்வளவுதான். அக்கா அவரிடம் எதைச் சொன்னாலும் மறுநாள் காலை அது அவர் அம்மாவின் வாயிலிருந்து வரும். இந்த லட்சணத்தில்தான் என் அக்கா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாள்.

அவளுக்கு டியூப் கம்பெனியில் வேலை. மோட்டார் சைக்கிள் டியூப்பில் காற்றடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதே இல்லை. திறந்த காலமும் உண்டு. கரு கலைந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மாமாவிடம் மட்டும் ஒன்று சொன்னாள். அழுகையாக வருகிறது, ஆனால் நடுவில் ஒரு நொடி நிம்மதியாகவும் இருந்தது, அதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். அந்த வாரமே துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் நடுவில் மாமியார் உட்கார்ந்து, "பிள்ளை போனதுல இவளுக்கு நிம்மதியாம்" என்றார். மாமா பக்கத்தில் நின்று எல்லோருக்கும் டீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று, நெஞ்சை அடைத்தது. இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்ற டாக்டர், புருஷன் பெண்டாட்டி இருவரும் கவுன்சலிங் போங்கள் என்று ஆஸ்பத்திரி மாடிக்கு அனுப்பினார். மாமியார் அதைப் பைத்தியத்துக்குப் பார்க்கிற வைத்தியம் என்றார். அங்கே அக்காவுக்குப் புத்தி சொல்லி அனுப்புவார்கள் என்று மாமா நம்பினார். நான் மட்டும் என்ன யோக்கியமா? ஆலோசகர் அம்மாள் மாமாவை உட்காரவைத்து உரித்தெடுப்பார் என்ற ஆசையில் கூடப் போய் வெளிப் பெஞ்சில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

அந்த அம்மாள் யாரையும் திட்டவும் இல்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. முதலில் இருவரையும் சேர்த்துப் பார்த்தார், பிறகு தனித்தனியாக. அக்காவிடம், "நீங்க தனியா சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. யார் உயிருக்காவது ஆபத்துன்னாதான் வெளியே பேசுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்றார். அக்கா நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

அதனால் சோதித்துப் பார்க்க அந்த அம்மாளிடமே ஒரு பொய்யை அளந்துவிட்டாள். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டதாகவும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பப் போவதாகவும் கூசாமல் சொன்னாள். அவளுக்கு அடுத்து மாமா தனியாக உள்ளே போய்விட்டு வந்தார். அன்று சாப்பாட்டு வேளையில் மாமியார் உப்பைக் குறை சொன்னார், மடித்து வைத்த துணியைக் குறை சொன்னார். வேறு ஊர்ப் பேச்சு வரவே இல்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

அடுத்த முறை போனபோது அக்கா பொய்யை ஒப்புக்கொண்டாள். ஆலோசகர் கோபித்துக்கொள்ளவில்லை. இதற்கு முன்னால் யாரை நம்பி என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். கட்டிலில் சொன்னதை அக்கா மறுபடி சொன்னாள், சொல்லி முடிக்கும்வரை அழுதாளாம். மன்னித்துவிடுங்கள், அனுசரித்துப் போங்கள் என்ற பேச்சே அங்கே இல்லை. மாமாவிடமே நேராகக் கேட்க விருப்பம் இருந்தால், தான் கூட இருப்பதாகச் சொன்னார்.

கேட்டாள். அதற்கடுத்த வாரம் மூவரும் உட்கார்ந்திருந்தபோது, "நான் உங்ககிட்டதான் சொன்னேன், அத்தைகிட்ட சொல்லல. இனிமே நான் சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்குமா? இருந்தாதான் நான் அந்த வீட்டுல இருக்க முடியும்" என்றாள். மாமா கண் கலங்கி, சத்தியமாக இருக்கும் என்றாராம்.

வெளியே வந்த அக்காவின் முகம் தெளிந்திருந்தது. எனக்கே மனசு கொஞ்சம் இளகிவிட்டது, வெட்கக்கேடு. மாமா எங்களுக்கு முன்னால் கீழே போயிருந்தார். நாங்கள் படியிறங்கும்போது, திருப்பத்தில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, அதைத்தான் இன்னும் மனசுல வச்சிருக்கா. உன்கிட்ட எதையும் சொல்லக் கூடாதாம். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

நான் பாய்ந்திருப்பேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு திரும்பி மாடியேறி, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டாள். ரெண்டு பேருக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எனக்கு மட்டும். அந்த வீட்டை விட்டு எப்படி வர்றதுன்னு பேசணும்."