அம்மாவ இன்னைக்கே கூட்டிட்டு வாங்க

ரயில் விழுப்புரம் தாண்டியபோது செய்தி வந்தது. செண்பகம் போய்விட்டாள். எதிர் இருக்கையில் அவளைப் பெற்ற என் அக்கா, மகளுக்கென்று வாங்கிய உடன்குடிக் கருப்பட்டியை மடியில் வைத்திருந்தாள். சென்னை வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

அவளோடு கணினி வேலை பார்த்த பிள்ளைகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் அவளுடைய தாய்மாமன். விக்கிரமசிங்கபுரத்தில் கல்யாணச் சமையல். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப்போனது. நான் தேங்காய்ப்பால் சொதி கொதிக்கவிட்டால் பொதிகை மேகம் கீழே இறங்கி வந்து வாசம் பிடிக்கும், பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவள் அண்ணன் கல்யாணத்துக்கு மூன்று கொட்டகையில் சமையல். கொட்டகைக்கு ஒரு சமையல் மாஸ்டர். ஒவ்வொருவருக்கும் ‘நூறு இலை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்து, எனக்கும் ஒன்று வைத்துக்கொண்டேன். பிறகு ஆள் கூடும் என்று தகவல் வந்தது. என் சட்டைப்பையில் இருந்த சீட்டை எடுத்து நூற்றைம்பது என்று திருத்தி வைத்தேன். பாதிப் பந்தியில் சொதி தீர்ந்தது. மாஸ்டர்களைப் பிடித்து ஏசினேன்.

“எங்க சீட்டுல நூறுன்னுதான அண்ணாச்சி இருக்கு?” என்றார்கள்.

செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒங்க பைக்குள்ள திருத்துனா அவங்க கையில உள்ளது திருந்துமா மாமா? எங்க வேலையும் இதேதான். ஒரு பெரிய வேலைய நூறு கணினிக்குப் பிரிச்சுக் கொடுப்போம். முதன்மை நிரல் அனுப்புத மதிப்பு ஆளுக்கொரு நகலாத்தான் போவும். பெறவு இங்கன மாத்துனா அங்கன தெரியாது. அங்கன மாத்துனா இங்கன தெரியாது.”

“அப்போ மொத்தம் எத்தனை இலை விழுந்துச்சுன்னு எப்படிட்டி தெரியும்?”

“அதுக்குத் தனியா ஒரு கூட்டல் பெட்டி உண்டு. வேலை செய்யுத கணினியெல்லாம் அதுல கூட்ட மட்டுந்தான் செய்யும். தொறந்து பாக்குதது முதன்மை நிரல் மட்டுந்தான். ஒரே ஒரு ஆபத்து, பாதியில நின்ன வேலை திரும்ப ஓடுனா அதே எண்ணு ரெண்டு தரம் கூடிரும். ஒங்க கதை மாதிரி. சொல்லுத ஒவ்வொரு தரமும் கூடுதுல்லா?”

இந்த முறையைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று டீக்கடையில் சொல்லி வந்தேன். அதைக் கேட்டும் சிரித்தாள்.

அவள் சென்னையில் நோயாகப் படுக்கையில் விழுந்த பிறகு, அம்மா தாங்கமாட்டாள் என்று எனக்கு மட்டும் போன் செய்வாள். கடைசியாகப் பேசியது ஒரு காலை நேரம். “மாமா, அம்மாவ இன்னைக்கே கூட்டிட்டு வாங்க” என்றாள். அவ்வளவுதான்.

“என்னலே சொல்லுதா?” என்று அக்கா ஓடி வந்தாள்.

“நல்லா தேறிட்டாளாம்க்கா. கருப்பட்டிக் காப்பி கேக்கா. நாளைக்குப் பையப் போவோம்” என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் சொன்னேன். செண்பகம் அனுப்பியது ஒன்று, அக்கா கைக்குப் போய்ச் சேர்ந்தது வேறு. சென்னையில் அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

காரியம் முடிந்த அன்று அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஆனால் தினமும் கேட்கிறாள்: “அவ என்னலே சொன்னா?”

“அம்மாவ இன்னைக்கே கூட்டிட்டு வாங்க.”

செண்பகத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்த நாலு வார்த்தைதான். எத்தனை தரம் சொன்னாலும் இது மட்டும் கூடுவதே இல்லை.