வலது கைக்குப் பொருந்தாத மூன்று படங்கள்

படிகங்களின் உள்ளமைப்பை வரைந்து காட்டும் மென்பொருளைத் திறந்தால், திரையின் இடது கீழ்மூலையில் மூன்று சின்ன அம்புகள் தெரியும். சிவப்பில் ஏ, பச்சையில் பி, நீலத்தில் சி. அணுக்கள் எந்தத் திசையில் அடுக்கியிருக்கின்றன என்று சொல்லும் அச்சுகள் அவை. படத்தைத் திருப்பினால் கூடவே திரும்பும். நிறத்தையும் தடிமனையும் எழுத்தின் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் மறைத்தும் விடலாம். என் மாணவிகள் படத்தின் அழகு கெடுகிறது என்று மறைத்துவிடுவார்கள். நான் கத்துவேன். இதற்குப் போய் இந்த மேடம் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். அந்த அம்புகளைப் பார்த்தாலே எனக்கு ஆய்வகத்து அக்காவின் நினைவு வந்துவிடும்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒரே காலத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தோம். அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவர் துபாயில் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்வார். அமினோ அமிலக் கரைசலை பீக்கரில் ஊற்றி, வாயைத் தாளால் மூடி, தாளில் ஊசியால் துளை போட்டு, வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் எங்கள் வேலை. தண்ணீர் மெல்ல ஆவியாக, அடியில் படிகம் வளரும். அக்காவுக்குக் கட்டைவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடிபோல் வளர்ந்தது. என் பீக்கரில் உப்புத்தூள்தான் படிந்தது. ஆனால் கணினியில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அவருடைய ஆய்வேட்டுக்குப் படங்களை நானே போட்டுத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாம் அத்தியாயத்தின் மூன்று படங்களில், அச்சுகள் இருந்த இடது ஓரம் தையலுக்குள் போய்விடும் என்று பைண்டிங் கடைக்காரர் சொல்லியனுப்பினார். அச்சுகளை வேறு மூலைக்கு நகர்த்த அந்த மென்பொருளிலேயே வழி உண்டு. ஆனால் எங்கள் பழைய கணினி அந்தக் கோப்பைத் திறக்கவே கால் மணி நேரம் முக்கும். நான் சோம்பல்பட்டுக்கொண்டு, ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருளில் வைத்து படங்களை இடவலமாகப் புரட்டிவிட்டேன். அச்சுகள் வலப்பக்கம் போயின. எழுத்துகள் மட்டும் ஆம்புலன்ஸின் முகப்பில் எழுதியிருப்பதுபோல் கண்ணாடி எழுத்தாக நின்றன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவற்றின்மேல் வெள்ளைக் கட்டம் வைத்து மறைத்து, புதிதாக ஏ, பி, சி என்று அடித்தேன்.

அக்காவின் வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் மதியம், படிகம் சுழல்வதுபோல் ஒரு துண்டு வீடியோ எடுக்க மூலக் கோப்பைத் திறந்தேன். பக்கத்தில் ஆய்வேடு விரிந்திருந்தது. வலது கையில் கட்டைவிரலை ஏ என்றும் ஆள்காட்டி விரலை பி என்றும் நடுவிரலை சி என்றும் விரித்துப் பிடித்தால், அச்சுகள் விரல்களோடு ஒத்துப்போக வேண்டும். உலகம் முழுக்க அதுதான் ஏற்பாடு. திரையில் ஒத்துப்போனது. ஆய்வேட்டில் இடது கைதான் பொருந்தியது. அமினோ அமிலங்களில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வகைகள் உண்டு. அக்கா வளர்த்தது ஒன்று. நான் புரட்டியதில் படத்தில் இருந்தது மற்றொன்று. ஆய்வேடு தேர்வாளர் கைக்குப் போய் மாதக்கணக்காகியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு அக்கா தற்காலிகமாகப் பாடம் நடத்திவந்த வேறொரு கல்லூரியிலோ, அந்த மாதக் கடைசிக்குள் பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். திருத்தி எழுதிக்கொண்டு வா என்று தேர்வாளர் திருப்பி அனுப்பினால் ஒரு வருஷம் போய்விடும். வேலையும் போய்விடும்.

சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து மாலையில் ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலம் வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அக்கா மறுநாளைக்கான புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தேர்வு முடிந்ததும் வந்தவர்களுக்கு டீயும் பலகாரமும் கொடுப்பது ஆய்வு மாணவர்களின் பொறுப்பு. அதற்காக மணப்பாறை முறுக்கு வாங்கி டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். இப்போது சொன்னால் பாவம், ராத்திரி தூங்கமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் பயம். முறுக்கு போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் தேர்வாளர் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார். வலது கையை விரித்துப் படத்தின்மேல் வைத்தார். பிறகு இடது கையை வைத்தார். இது எந்தக் கைக்கு அம்மா பொருந்துது என்று கேட்டார்.

அக்கா குனிந்து பார்த்தார். "தெரியல சார். ஒரிஜினல் ஃபைல் இருக்கு. இப்பவே திறந்து பாத்துடலாம்."

அந்தக் கணினி தன் கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. அறையில் முப்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று, நான்தான் போட்டேன் என்று சொல்ல எனக்கு அத்தனை நேரம் இருந்தது. நான் எழவில்லை. கோப்பு திறந்ததும் அக்கா அச்சுகளைத் தடிமனாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, படத்தை ஆய்வேட்டில் இருந்த கோணத்துக்கு நிதானமாகத் திருப்பினார். வலது கையைத் திரைக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"படம் புரண்டிருக்கு சார். டேபிள்ல உள்ள நம்பரெல்லாம் சரி. படம்தான் தப்பு."

யார் போட்டது என்று தேர்வாளர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார்" என்றார்.

மூன்று பக்கங்களை மாற்றி ஒட்டச் சொல்லி, அங்கேயே பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டீ கொடுக்கும்போது அக்கா முறுக்குத் தட்டோடு என்னிடம் வந்தார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"நேத்து எதுக்கு வீட்டுக்கு வந்தே?"

"சும்மாதான்க்கா."

தட்டை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

வேலை நிரந்தரமாகி, இன்று அவர் அந்தக் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவர். அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதே இல்லை. ஆனால் செல்போனில் அவர் பெயர் வந்தால் இன்றும் நான் உடனே எடுப்பதில்லை. போன வாரம் அவருடைய மாணவி ஒருத்தியின் படங்களை அனுப்பி, அச்சு சரியா இருக்கான்னு நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி என்று எழுதியிருந்தார். வலது கையை விரித்து மூன்று முறை சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது அக்கா என்று பதில் அடித்தேன். அதன் கீழே, அன்றைக்கு எதற்காக வந்தேன் என்று நான்கு வரி எழுதினேன். அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.