பழுதென்று சொன்ன கடிதங்கள்

என் கணவர் எந்த மெயிலையும் வாசித்த கையோடு அழித்துவிடுவார். தான் அனுப்பியதையும் வைத்திருக்க மாட்டார். ஒழுங்கான மனிதராம். கனடாவில் இருந்த அவருக்கும், கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் விசாவுக்குக் காத்திருந்த எனக்கும் இடையில் இரண்டு வருடமாகப் போய்வந்த மெயில்கள் அதனால் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. இணையத்தில் அப்போது எல்லாருக்கும் கொஞ்ச இடம்தான். நிரம்ப நிரம்ப நான் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, அங்கே காலி செய்துவிடுவேன். பிரதி எடுத்துவைக்கும் புத்தி எனக்கும் இருக்கவில்லை.

கலியாணம் முடிந்து பதினொரு நாள்தான் சேர்ந்து இருந்தோம். அது போக, நாங்கள் உண்மையான புருஷன் பெண்சாதி என்று விசா அலுவலகத்துக்குக் காட்ட அந்த மெயில்களை விட்டால் வேறு அத்தாட்சி இல்லை. நேர்முகத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதைக் கழற்றுவித்து, துவாயில் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நான் தட்டச்சு வேலை செய்த ‘கொமியூனிகேஷன்’ என்கிற டெலிபோன் கடைக்கு இரண்டு கடை தள்ளி, கம்ப்யூட்டர் திருத்துகிற சிங்களவர் ஒருவர் இருந்தார்.

ஐந்தாம் நாள் அவர் கையை விரித்தார். ஆங்கிலத்தில் இருந்த ஏழு மெயில் மட்டும் நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் எழுத்துச் சிதறிப் பழுதாகிவிட்டது என்றார். அந்த ஏழும் விமான டிக்கெட், படிவம் பற்றியவை. நம்பிக்கை இல்லையென்றால் பாருங்கள் என்று பழுதானதில் ஒரு பக்கத்தை அச்செடுத்து நீட்டினார். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, அர்த்தமில்லாமல் வரிவரியாகக் கிடந்தது. பிறகுதான் முதல் சொல்லைப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

அது ‘அம்மா’. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில், தமிழுக்காகத் தட்டுவது ஆங்கில விசைகளைத்தான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். அவருடைய கடையில் தமிழ் எழுத்துருவுக்கு என்ன வேலை? நான் மேசையில் விரல்களைத் தட்டித் தட்டி முழு வரியையும் வாசித்துவிட்டேன். ‘அம்மா போன் எடுத்தவ, உம்மைப் பற்றித்தான் கதைச்சவ.’

“ஏக்க தெமள,” என்றேன், அது தமிழ் என்று.

அவர் பக்கத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரகசியக் குறியீடு ஏதுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். யுத்தம் முற்றியிருந்த அந்த நாட்களில் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. புருஷன் எழுதியது, மாமியாரின் கதை என்று சொல்லி, வாசித்ததை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். அவருடைய அம்மாவும் மருமகளைப் பற்றித்தான் கதைப்பாராம். பழுதென்று ஒதுக்கிய நானூற்றுச் சொச்சத்தையும் சீடியில் போட்டு, சோதனைச் சாவடியில் கேட்டால் காட்டுவதற்கு மேலே சிங்களத்தில் ‘கடிதங்கள்’ என்று எழுதியும் தந்தார்.

அடுத்த நாள் கொமியூனிகேஷன் கம்ப்யூட்டரில் சீடியைப் போட்டேன். அங்கே எழுத்துரு இருந்ததால் எல்லாம் தமிழாகவே திறந்தது. பத்து மெயிலைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்ப்பிக்கச் சொல்லியிருந்தார், எனக்கு விசாப் படிவம் நிரப்பித் தந்தவர். அதில் ஒன்றிலாவது கணவர் என்னை அங்கே வரச்சொல்லி எழுதியிருக்க வேண்டுமாம், அதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்களாம். ‘வாரும்’ என்று அடித்துத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ‘வந்திடும்’, ‘எப்ப வருவீர்’ என்றும் தேடினேன். இல்லை. பனி எத்தனை அடி என்று இருந்தது. பருப்புச் சட்டி அடிப்பிடித்த கதை இரண்டு தரம் இருந்தது. நான் எழுதிய மெயில்களிலோ பத்துக்கு ஒன்றில் ‘எப்ப என்னைக் கூப்பிடுவீங்கள்?’ என்று கிடந்தது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பொறுக்க முடியாமல் அங்கேயே டெலிபோன் பெட்டிக்குள் போய் அவருக்கு எடுத்தேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

“ஒரு மெயிலிலயாவது என்னை வாரும் எண்டு எழுதினனீங்களோ?”



“எழுதிப்போட்டு, அவங்கள் விசா தராட்டி, நீர் அதை எடுத்து எடுத்து வாசிச்சு அழுவீர். அதான் எழுதேல்லை,” என்றார். பிறகு, “வாரும்,” என்றார்.

பெட்டிக்குள் நின்று அழுதேன். இதை இப்போதே எழுதி அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பனியும் பருப்புச் சட்டியுமாகப் பத்து மெயிலைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்க்கக் கொடுத்தேன்.