பயந்தாங்கொள்ளி எழுதிய கருத்து

ஆள் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். இருட்டு, எலி, கிரீஸ் நாற்றம் எதற்கும் அசைய மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர், வீட்டில் ஒரு பேய்க் கதையைக் கையில் எடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே எழுந்து போய் எல்லா விளக்கையும் போட்டுவிடுவார். அதுவும் பிள்ளைகளுக்கென்று எழுதிய பேய்க் கதை! இவருக்கோ வயது அறுபதை நெருங்குகிறது. வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் ஓட்டியே ஒருவழி பண்ணியிருப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள். செல்லப் பெயர் சுண்டெலி. எதையாவது கொறித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து படிப்பாள். பாழடைந்த அரண்மனை, தலையில்லாத தளபதி, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடும் இளவரசி, எல்லாம் இந்த மாதிரிக் கதைகள்தான். படிக்கும்போதே பென்சிலால் பக்க ஓரத்தில் சண்டையும் போடுவாள்: 'இந்தப் பேய்க்கு மூளையே இல்லை.' பள்ளிக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டாள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அலமாரியில் இருந்த அத்தனை புத்தகத்தையும் கயிற்றால் கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்தார். பிள்ளையின் நல்லதுக்குத்தான் செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தார். அவள் வந்தாள், காலி அலமாரியைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால் இவரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

அப்புறம் அவள் வெளியூரில் படித்தாள், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். அம்மா இருந்தவரை அம்மாவிடம் பேசுவாள். அம்மா போனபிறகு, அப்பா போன் செய்தால் எடுப்பாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"உடம்பெல்லாம் நல்லா இருக்கா?"

"ம். வச்சிடவா?"

அவ்வளவுதான் பேச்சு.

விஷயத்தை முதலில் சொன்னது இவருடைய தங்கை. "அண்ணா, உன் பொண்ணு இன்டர்நெட்ல பேய்க் கதைக்கெல்லாம் கருத்து எழுதுறா. பேய்வீட்டுக்காரின்னு பேரு வச்சிருக்கா. இவ நல்லா இருக்குன்னு சொன்னாதான் பிள்ளைங்க வாங்குதுங்களாம்!" என்று தன் போனில் காட்டினாள். இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். 'சண்டைக் காட்சிகள் பிரமாதம். ஆனால் பேய் முதல் அத்தியாயத்திலேயே முகத்தைக் காட்டிவிட்டது, அதற்குமேல் யாருக்குப் பயம் வரும்?' அப்பாவிடம் 'ம்' கொட்டுகிறவள், முகம் தெரியாதவர்களிடம் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் கருத்து எழுதிய நாவல்களை ஒவ்வொன்றாக வாங்கினார், விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒருநாள் துணிந்து 'பயந்தாங்கொள்ளி' என்ற பெயரில் அவள் கருத்துக்குக் கீழே எழுதினார்: 'நான் லைட்டை அணைக்கவே இல்லை. அந்தக் குட்டிப் பேய் கதவைத் தட்டாமல் வாசலிலேயே நிற்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.'

பதில் வந்தது. 'சரியான இடத்தைப் பிடிச்சிட்ட, தம்பி! எத்தனாவது படிக்கிற? இருட்டினப்புறம் இதையெல்லாம் தொடாத, பகல்ல படி. அக்கா சொல்றேன்ல?'

அக்காவாம்! மனிதர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனாவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் நழுவிவிட்டார். அன்றிலிருந்து அவர் தம்பி. தம்பிக்குச் சளி என்றால் வெந்நீர் குடிக்கச் சொல்வாள். தம்பி ஒரு கதையை மட்டம் தட்டினால் மல்லுக்கு நிற்பாள். ஆபீசில் மனசு நொந்த நாளில், 'நீயாவது இருக்கியே' என்று எழுதுவாள்.

தங்கைக்கு இது பொறுக்கவில்லை. "நீ பண்றது நல்லா இல்லண்ணா. நான்தான் உங்கப்பான்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"சொன்னா அதோட பேச்சை நிறுத்திடுவாளே," என்றார் இவர்.

அந்தச் சமயத்தில் ஒரு நாவல் பிள்ளைகளிடையே சக்கைப்போடு போட்டது. மகள் எழுதிவைத்த ஓலைகளை நெருப்பில் போட்ட ஒரு ராஜா, செத்தபிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஆவியாக அலைகிறார். கடைசியில் அவள் மன்னித்ததும் காற்றில் கரைந்துபோகிறார். வாசகர்கள் உருகித் தள்ளினார்கள். பேய்வீட்டுக்காரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முடிவு சொதப்பல், எந்தப் பெண்ணும் அவ்வளவு லேசில் மன்னிக்க மாட்டாள் என்று போட்டு உடைத்தாள்.

'ராஜா பாவம் அக்கா. நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சார்?' என்று எழுதினார் பயந்தாங்கொள்ளி.

'உன்கிட்டதான் சொல்றேன் தம்பி. எங்கப்பாவும் என் புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டவர்தான். புத்தகம் போனா போகட்டும். தப்புப் பண்ணிட்டேம்மான்னு ஒரு தடவை சொல்லுவார்னு பார்த்தேன். இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். அந்த ராஜாவாவது செத்தப்புறம் வந்து கேட்டார்.'

திரும்பத் திரும்பப் படித்தார். மகளுக்குக் கோபம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவள் காத்திருக்கிறாள் என்று யார் கண்டது? அப்போதே போனில் கூப்பிட்டிருக்க வேண்டும். அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். பேசினால் குரல் உடைந்துவிடும் என்று பயந்து, பேசிப் பழகிய இடத்திலேயே எழுதினார்: 'தப்புப் பண்ணிட்டேன் சுண்டெலி. அப்பாவை மன்னிச்சிடும்மா.'

மறுநாள் பகல் முழுக்கப் பதில் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் கம்பி மாற்றும் வேலை. நிமிடத்துக்கொரு தடவை போனை எடுத்துப் பார்த்தவர், பாதியிலேயே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் பதில் வந்தது.

'அப்போ, அந்தத் தம்பின்னு ஒருத்தன் இல்லவே இல்லையா?'

அம்மாவுக்குப் பிறகு அவளுக்கு மனசுவிட்டுப் பேச இருந்தது அந்தப் பையன் ஒருத்தன்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எதையெதையோ எழுதினார், அழித்தார். கடைசியில் ஒரு வார்த்தைதான் போயிற்று.

'இல்லைம்மா.'

பிறகு போன் செய்தார். எடுத்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். அந்தத் தம்பிக்காக அவள் அழுது முடிக்கிறவரை அவர் போனை வைக்கவில்லை.