ஆயுத பூஜையும் மெயின் சுவிட்சும்

"கரண்ட் போனால் மெஷினுக்கு என்ன ஆகிவிடும்? வந்ததும் மறுபடி ஓடும், அவ்வளவுதானே?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அறுபதுகளில் பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். கணக்கில் பி.எஸ்ஸி. அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆயுத பூஜை கழிந்ததும் அங்கேயே நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அறையை விட்டு வேறெங்கும் போக எனக்கு மனசே இல்லை. அந்த மெஷின்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

மெஷினின் ஞாபகமெல்லாம் ஓர் உருளையில் இருந்தது. அது சுற்றும் வேகத்தில் கிளம்பும் காற்றில்தான், எழுதிப் படிக்கும் முனைகள் அதைத் தொடாமல் மிதக்கும். நிறுத்துவதென்றால் முதலில் முனைகளைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் மோட்டாரை அணைக்க வேண்டும். ஓடும்போதே கரண்ட் போனால் உருளை வேகம் குறைந்து, முனைகள் அதன்மேல் இறங்கிக் கீறிவிடும். கீறின இடத்தில் இருந்த கணக்கு போனது போனதுதான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். பூஜையன்று நல்ல நேரம் பார்த்து, எலக்ட்ரிக் மேஸ்திரி மொத்தக் கட்டடத்துக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். மெஷின்களுக்கு ஓய்வாம். லேத்துக்கும் டிரில்லுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. எங்கள் உருளைக்கு ஆகும். மெஷின் வந்தபின் அதுதான் முதல் பூஜை; அன்று காலையிலேயே மேஸ்திரியிடம் ஓடினேன்.

"கரண்டுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணாமாம்மா? எப்ப இறக்குவோம்னு உங்க ஆபீசர்கிட்ட சொல்லிட்டேனே" என்றார்.

ஆபீசரிடம் போனேன். "ஸார், பூஜைக்கு முன்னாடியே மெஷினை நிறுத்திடறேன்."

"நிறுத்தாதே. மானேஜர் வர்றார். லைட்டெல்லாம் மினுக் மினுக்னு எரிஞ்சாத்தான் பார்க்க நல்லா இருக்கும்."

"மெயினை இறக்கிடுவாங்களே, ஸார்!"

"இறக்கினா என்ன? கரண்ட் போனா உங்க வீட்டு ஃபேன் கெட்டா போயிடுது? போம்மா, போய் குங்குமம் வை."

வைத்தேன். கற்பூரம் காட்டினார்கள். மானேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொல்லி வைத்தாற்போல் விளக்கெல்லாம் அணைந்தது. உருளை இருந்த பக்கம் 'கிரீச்' என்று ஒரு சத்தம். "ஐயோ!" என்று கத்திவிட்டேன். நல்ல நாளில் அபசகுனமாகக் கத்துகிறாளே என்று எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் மெஷின் கணக்கை எல்லாம் தப்பும் தவறுமாகக் கொட்டியது. விசாரணை வைத்தார்கள். அங்கே ஆபீசர் வாய் கூசாமல் சொன்னார்: "பூஜையன்னிக்கு இந்தப் பொண்ணு மெஷினைத் தொட்டிருக்கக் கூடாது ஸார். வீட்டு விலக்கா இருந்தாளோ என்னமோ, யார் கண்டா?"

இன்ஜினியரிங் படித்த மனுஷன்! அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில்! அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் நான் அழவில்லை. "கோளாறு என்கிட்ட இல்ல ஸார், உருளையில இருக்கு. மூடியைத் திறந்து பாருங்க, கீறல் தெரியும்" என்றேன்.

ஒருத்தரும் திறக்கவில்லை. மானேஜர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி சரி, விடும்மா" என்றார். நான் எதை விட வேண்டுமாம்?

வேலையை நிரந்தரமாக்கினார்கள், டைப்பிங் செக்‌ஷனில். கூடவே ஒரு புது உத்தரவும் போட்டார்கள்: பூஜையன்று கம்ப்யூட்டர் அறைக்குள் பெண்கள் வரக்கூடாது. மெயின் சுவிட்சைப் பற்றி மூச்சே இல்லை.

அடுத்த வருஷமும் மானேஜர் வந்தார், விளக்குகள் மினுக்கின, மேஸ்திரி மெயினை இறக்கினார். புதிதாக வாங்கிப் போட்டிருந்த உருளையும் கீறிப் போயிற்று. அறைக்குள் பெண் வாசனையே கிடையாது. அப்போது என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? பஞ்சாங்கம் தப்பாம்!

பஞ்சாங்கத்தை யாரும் டைப்பிங் செக்‌ஷனுக்கு மாற்றவில்லை.